யாரைப் பூட்டுவது?

கொடைக்கானலில் காட்டெருமைகள் ஏரிக்கரைச் சாலையிலும் கடைவீதியிலும் தாராளமாக உலாவுவதை அங்கே போய் வந்த நேயர்கள் பார்த்திருப்பார்கள். எதிரே ஒன்று வந்துவிட்டால் நாம் ஒதுங்கி நிற்கிறோம். இருட்டிய பிறகு தனியே போக வேண்டாமென்று குழந்தைகளை எச்சரிக்கிறோம். அது புத்திசாலித்தனந்தான். காட்டெருமைக்குச் சட்டம் தெரியாது. அதனிடம் பொறுப்பை எதிர்பார்ப்பதற்கில்லை.

ஆனால் இதே புத்திமதியை மனிதர்கள் விஷயத்திலும் நாம் பெண்களுக்குச் சொல்லி வருகிறோமே, இது என்ன நியாயம்? பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப வேண்டும். தனியாகப் போகக் கூடாது. யாராவது சீண்டினால் காதில் விழாதது போல் நடக்க வேண்டும். இவ்வளவும் பெண்ணுக்கு. பையனுக்கோ ஒரு வார்த்தையுமில்லை! ஆண்பிள்ளைகளைக் காட்டெருமைகளோடு சேர்த்துவிட்ட இந்த மதிப்பீட்டைக் கண்டு முதலில் கோபங்கொள்ள வேண்டியவர்கள் ஆண்களே.

பெற்றோரின் பயம் வீண் பயமென்று நாம் சொல்லவில்லை. 1984-ம் வருஷத்தில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் ஏற்பட்ட ஊர் கொடைக்கானல். மகளை மலைமேல் அனுப்பிப் படிக்க வைக்கலாமா என்று யோசிக்கும் தாயாரின் கவலை உண்மையானது. நாம் கேட்பதெல்லாம், பூட்டு அந்தக் கவலையைத் தீர்க்கிறதா என்பதுதான்.

2021-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில், பழனி மலையிலுள்ள பாச்சலூரில், பள்ளிக்கூடத்துக்குப் போன ஒரு சிறுமி பட்டப்பகலில் தீக்காயங்களுடன் கிடந்து உயிரிழந்தாள். அந்தக் குழந்தை இரவில் ஊர் சுற்றப் போகவில்லை. நாம் போகச் சொன்ன இடத்துக்குத்தான் போயிருந்தாள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கைப் பார்த்தாலோ, பலாத்கார வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவற்றில் குற்றஞ்சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவராகவே இருக்கிறார். உறவினர், அண்டை வீட்டார், சிநேகிதர் என்று உள்ளே வந்து போகிறவர்களைப் பூட்டு என்ன செய்யும்?

பழனி மலைக்கு மேற்கே பொள்ளாச்சியில் 2019-ம் வருஷத்தில் வெளிப்பட்ட கொடுமையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கயவர்கள் பெண்களைப் படம் பிடித்து, அதைக் காட்டியே மிரட்டி வந்தார்கள். விஷயம் வெளியே தெரிந்தால் பழி பெண்ணின் தலையில்தான் விழும் என்று அவர்கள் நம்பியிருந்தார்கள். அந்த நம்பிக்கையை அவர்களுக்குக் கொடுத்தது யார்? “உன்னை யார் அங்கே போகச் சொன்னது?” என்று எடுத்தவுடன் கேட்கிற நாம்தான். குற்றவாளியின் கையிலிருந்த ஆயுதம் நம் வீட்டுப் பட்டறையில் அடித்தது. 2025-ம் வருஷம் மே மாதம் 13-ந் தேதி ஒன்பது பேருக்குச் சாகும் வரையில் சிறை என்று கோயமுத்தூர் மகளிர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்ட பெண்கள் வாயைத் திறந்து சாட்சி சொன்னதால்தான் அது கைகூடிற்று.

குற்றத்தைத் தடுக்கும் பொறுப்பு யாருடையது என்பதைச் சட்டம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. சென்னையில் ஒரு கல்லூரி மாணவி தொல்லைக்கு ஆளாகி உயிரிழந்த பிறகு, 1998-ம் வருஷத்தில் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் இயற்றினார்கள். பஸ்ஸில் ஒரு பெண் முறையிட்டால் டிரைவரும் கண்டக்டரும் வண்டியை அருகிலுள்ள போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓட்டிச் செல்ல வேண்டும் என்பது அதில் ஒரு விதி. கோவில், கல்லூரி, சினிமாக் கொட்டகை முதலிய இடங்களை நடத்துகிறவர்கள் அங்கே தொல்லை நேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது மற்றொன்று. பாதுகாப்பைச் சாக்கிட்டு, மாணவர் விடுதியில் இல்லாத கட்டுப்பாடுகளை மாணவியர் விடுதியில் விதிக்கலாகாதென்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ம் வருஷத்து விதிகள் கூறுகின்றன. பெண்ணை அடக்கி வைக்கும்படி இவற்றில் எதுவும் சொல்லவில்லை. இடத்தை ஆள்கிறவன் இடத்துக்குப் பொறுப்பு என்கின்றன.

பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ் பிரயாணத்தைக் கொடைக்கானல் போன்ற மலைப் பகுதிகளுக்கும் விஸ்தரிப்பதாக 2024-ம் வருஷத்து வரவு செலவுத் திட்டத்தில் ஸர்க்கார் அறிவித்தார்கள். மிகவும் நல்ல காரியம். ஆனால் டிக்கெட் இலவசமானால் மட்டும் போதாது. பஸ்ஸில் ஏறும் பெண்ணுக்கு, தான் முறையிட்டால் கண்டக்டர் வண்டியைத் திருப்புவார், பக்கத்து ஆசனத்துக்காரர் எழுந்து நிற்பார் என்ற தைரியமும் வேண்டும்.

1921-ம் வருஷத்தில் ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலுக்குத் தெருவில் இறங்கியதை நாம் இன்றும் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். தேசத்தின் காரியத்துக்காகப் பெண்கள் வெளியே வரலாம், தங்கள் காரியத்துக்காக வரக் கூடாது என்று யாராவது சொல்ல முடியுமா?

ஆகையால் நேயர்களுக்கு நம்முடைய வேண்டுகோள் சிறியதுதான். மகள் வீடு திரும்பச் சற்றுத் தாமதமானால் என்னென்ன கேள்விகள் கேட்கிறோமோ, அவற்றை மகனிடமும் கேட்போம். எங்கே போனாய், யாரோடு இருந்தாய், அங்கே யாராவது ஒரு பெண்ணைத் தொந்தரவு செய்தபோது நீ என்ன செய்தாய் என்று. கடைசிக் கேள்விக்கு அவன் சொல்லும் பதிலைக் கவனமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.