ஓடிக் களைத்த கால்களுக்கு நாம் பட்ட கடன்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

"நாய் நன்றியுள்ள பிராணி" என்று ஒன்றாம் வகுப்பிலேயே எழுதிப் பழகிவிட்டோம். அதற்கு நான்கு கால்கள் உண்டு, ஒரு வால் உண்டு, அது வீட்டைக் காக்கும் என்று கட்டுரையை முடித்து மதிப்பெண்ணும் வாங்கிக்கொண்டோம். அந்த நன்றியுள்ள பிராணிக்கு மனிதன் நன்றியுள்ளவனாக இருக்கின்றானா என்று அன்று யாரும் எங்களைக் கேட்கவில்லை. இவ்வாண்டு நன்னெறி வகுப்பில் அந்தக் கேள்வி எழுந்தது.

எங்கள் தோழி ஒருத்தியின் சித்தி ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரில் வசிக்கிறார். பந்தயத்தில் ஓடி ஓய்வு பெற்ற கிரேஹவுண்டு நாய் ஒன்றைத் தத்தெடுத்து வளர்த்து வந்தார். ஒன்பதாம் வயதில் அதன் முன்னங்காலில் எலும்புப் புற்றுநோய் கண்டது. சிகிச்சைக்கு ஆகும் செலவைத் தோழி சொன்னதும் வகுப்பே இரண்டாகப் பிரிந்தது. "பசித்த பிள்ளைகள் இத்தனை பேர் இருக்க, ஒரு நாய்க்கா இவ்வளவு பணம்?" என்றனர் ஒரு சாரார். "வாயில்லாச் சீவனை வலியோடு விட்டுவிடுவதா?" என்றனர் மறு சாரார். சகோதரி தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. "முதலில் படியுங்கள், பிறகு பேசுங்கள்" என்று மட்டும் சொன்னார். படித்தோம். அறிந்ததையும், அதனால் நாங்கள் வந்து சேர்ந்த முடிவையும் இங்கே எழுதுகின்றோம்.

நம் சிப்பிப்பாறை நாயைக் கண்டவர்களுக்குக் கிரேஹவுண்டின் தோற்றத்தை விளக்க வேண்டியதில்லை. ஒட்டிய வயிறு, ஆழ்ந்த மார்பு, நீண்ட மெல்லிய கால்கள். மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல் பாயும். 1919-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், எமரிவில் என்னும் ஊரில் ஓவன் பாட்ரிக் ஸ்மித் என்பவர் இயந்திர முயலை முன்னால் ஓடவிட்டு, அதைத் துரத்தும் நாய்களின் பந்தயத்தைத் தொடங்கினார். 1926-இல் அது இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகருக்கு வந்தது. ஆஸ்திரேலியாவிலும் அயர்லாந்திலும் பரவியது. மனிதர் பணம் கட்டினர், நாய்கள் ஓடின. ஓர் ஓட்டம் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். பந்தய வாழ்வும் பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் முடிந்துவிடும். ஆயுளோ பத்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலும் நீளும். எஞ்சிய ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு? ஓடமாட்டாத நாய்களைக் கொன்றுவிடுவது பல இடங்களில் வழக்கமாக இருந்தது. அதைக் கண்டு மனம் வருந்திய மக்களே அவற்றைத் தம் வீடுகளுக்கு அழைத்துச் செல்லத் தொடங்கினர்.

அப்படி வீட்டுக்கு வரும் நாய் தன் பழைய காயங்களையும் உடன் கொண்டு வருகிறது. பந்தயத் தடத்தில் நாய்கள் இடஞ்சுழியாகவே ஓடுகின்றன. வளைவில் திரும்பும்போது வலப் பின்னங்காலின் கணுவில் பெரும் அழுத்தம் விழுகிறது. அங்குள்ள சிறு எலும்புகள் முறிவது இவ்விளையாட்டில் மிகச் சாதாரணம். வயதான பிறகு அந்த மூட்டு வீங்கி நோகும். இடுப்பருகே முதுகெலும்புக்குள் நரம்பு நெரிபடும் நோயும் வரும். பற்கள் சிதைந்திருக்கும். பாதத்தில் கால் ஆணி வரும். மற்ற இனங்களில் அரிதான இது கிரேஹவுண்டில் அடிக்கடி காணப்படுகிறது. எல்லாவற்றிலும் கொடியது எலும்புப் புற்றுநோய். பெரிய உடலுள்ள நாய்களை அதிகம் தாக்கும் இந்நோய்க்கு மிகுதியாக ஆளாகும் இனங்களுள் கிரேஹவுண்டும் ஒன்று.

இந்நோயின் முதல் அறிகுறி வெறும் நொண்டல்தான். கால் ஆணிக்கும் நொண்டும், சுளுக்குக்கும் நொண்டும், புற்றுநோய்க்கும் நொண்டும். இங்கேதான் அவசரம் கூடாது என்கின்றோம். பிள்ளையைக் காத்த கீரிப்பிள்ளையின் வாயில் இரத்தத்தைக் கண்டு, அது பிள்ளையைக் கொன்றதென எண்ணிக் கீரியை அடித்துக் கொன்ற தாயின் கதையை நாம் எல்லாரும் அறிவோம். பிரான்சு நாட்டில் லியோன் நகருக்கு அருகே இதே கதை ஒரு கிரேஹவுண்டைப் பற்றி வழங்கியது! கினஃபோர் என்னும் அந்நாய் பாம்பைக் கொன்று குழந்தையைக் காத்ததாம். தலைவன் அவசரப்பட்டு அதை வெட்டிவிட்டானாம். ஊர் மக்கள் அந்நாயைப் புனிதர் என்றே வணங்கத் தொடங்க, 13-ஆம் நூற்றாண்டில் தொமினிக்கன் சபைத் துறவி எத்தியன் தெ பூர்போன் அவ்வழிபாட்டை நிறுத்த முயல வேண்டியதாயிற்று. நாயைப் புனிதராக்குவது தவறு என்பதில் ஐயமில்லை. ஆனால் பாராமல் முடிவு செய்யாதே என்ற அக்கதையின் படிப்பினை இன்றும் பொருந்தும். நொண்டும் நாயைக் கண்டு "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடுவதும் அவசரம். "எல்லாம் முடிந்தது" என்று அழுவதும் அவசரம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகே பேச வேண்டும்.

அன்பு மட்டும் இருந்தால் போதாது, அறிவும் வேண்டும் என்பதை இந்நாய்கள் எங்களுக்குக் கற்பித்தன. நாம் தலைவலிக்கு விழுங்கும் இபுப்ரோஃபென் மாத்திரை நாயின் வயிற்றில் புண்ணையும் இரத்தக் கசிவையும் உண்டாக்கும்; சிறுநீரகத்தையும் கெடுக்கும். இரக்கப்பட்டு அதைக் கொடுப்பவர் நஞ்சைக் கொடுக்கிறார். கிரேஹவுண்டின் உடலில் கொழுப்பு மிகக் குறைவு. சில மருந்துகளை அதன் கல்லீரல் மெதுவாகவே வெளியேற்றும். ஆகையால் தயோபென்டால் போன்ற மயக்க மருந்து கொடுத்தால் நெடுநேரம் தெளியாது. மற்ற நாய்களைவிட அதன் இரத்தத்தில் சிவப்பணுக்கள் அதிகம். இதை அறியாத மருத்துவர், நலமாக உள்ள நாயையே நோயுற்றதென்று எண்ணிவிடக்கூடும். தத்தெடுப்பவர் இவற்றை அறிந்து மருத்துவரிடமும் சொல்ல வேண்டும். செலவில்லாத உதவிகளும் உண்டு. வழுக்கும் தரையில் விரிப்புப் போடுதல், எலும்பு உறுத்தாமல் தடித்த மெத்தை இடுதல், குளிருக்குப் போர்வை, குறைந்த தூர நடை ஆகியவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை.

இனி அந்தக் கடினமான கேள்விக்கு வருவோம். எலும்புப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படும்போது பெரும்பாலான நாய்களில் அது கண்ணுக்குத் தெரியாமல் நுரையீரல் வரை பரவியிருக்கும். காலை எடுத்துவிட்டால் வலி போய்விடும். ஆனால் அதன் பிறகு பொதுவாகச் சில மாதங்களே வாழும். புற்றுநோய் மருந்தும் சேர்த்துக் கொடுத்தால் ஏறத்தாழ ஓர் ஆண்டு வரை வாழலாம். அதற்காக இவ்வளவு செலவா?

திருச்சபையின் மறைக்கல்வி நூல் இரண்டையும் சொல்கிறது. விலங்குகளைக் காரணமின்றித் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கு ஒவ்வாது என்கிறது. மனிதரின் துயர் துடைக்கச் செலவிட வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடலாகாது என்றும் எச்சரிக்கிறது. வகுப்பின் இரு சாராரும் ஆளுக்குப் பாதியைச் சொன்னோம் என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது!

எங்கள் கருத்து இதுதான். வலியைத் தணிப்பது தானம் அன்று, கடன். இந்நாயை வேகத்திற்காக வளர்த்தவனும், அதன் கால் முறிய ஓடவிட்டவனும் மனிதன். ஆகவே வலி நிவாரணத்திற்கு ஆகும் செலவை வீண் என்று யாரும் சொல்லலாகாது. ஆனால் நாட்களைக் கூட்டுவதற்கான செலவு வேறு. அதை அவரவர் நிலை அறிந்து, பிறர் பசியையும் மறவாமல் எண்ணிச் செய்ய வேண்டும். செய்ய இயலாதவரைப் பழிப்பதும் தவறு.

இன்னொன்றும் அறிந்தோம். இதே எலும்புப் புற்றுநோய் மனிதரில் பெரும்பாலும் வளரும் பருவத்தினரை, அதாவது எங்கள் வயதினரைத் தாக்குகிறது. காலை வெட்டாமல் காக்கும் அறுவை முறையின் வளர்ச்சிக்கு நாய்களுக்குச் செய்த சிகிச்சைகளும் உதவியிருக்கின்றன. ஆக, நாயின் வலியும் பிள்ளையின் வலியும் ஒன்றுக்கொன்று பகை அல்ல.

தோழியின் சித்தி என்ன செய்தார்? நாயின் பின்னங்காலில் பழைய முறிவு இருந்தது. மூன்று கால்களால் அதனால் நிற்க முடியாது என்றார் மருத்துவர். எனவே காலை எடுக்கவில்லை. வலிக்கு மட்டும் மருந்து கொடுத்தார்கள். அலிஸ் வில்லலோபோஸ் என்னும் அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் வகுத்த ஏழு கேள்விகளை வைத்துத் தினமும் மதிப்பெண் இட்டார்கள். வலி அடங்கியுள்ளதா, உண்கிறதா, நீர் அருந்துகிறதா, சுத்தமாக உள்ளதா, மகிழ்கிறதா, நடக்கிறதா, கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா? ஏழு வாரம் சென்றபின் கெட்ட நாட்கள் மிகுந்தன. மருத்துவர் வீட்டிற்கு வந்து, சித்தியின் மடியிலேயே அதை உறங்கச் செய்தார்.

"கொன்றுவிட்டார்களா?" என்று எங்களில் ஒருத்தி அழுதாள். மனித உயிர் இறைவனுக்கே உரியது. அதை முடிக்க நமக்கு உரிமை இல்லை. தன் வலிக்குப் பொருள் காண மனிதனால் இயலும். அதை இறைவனுக்கு ஒப்புக்கொடுக்கவும் இயலும். நாய்க்கு அது தெரியாது. அதற்கு வலி வெறும் வலிதான். தீரா வலியில் அதை வைத்திருப்பது பெரும்பாலும் நம் பிரிவுத் துயருக்கு அஞ்சித்தானே தவிர, அதன் நன்மைக்காக அன்று. இவ்வாறே நாங்கள் எண்ணுகின்றோம். அழுத தோழி இன்னும் ஒப்பவில்லை. அவளையும் நாங்கள் மதிக்கின்றோம்.

நல்ல செய்தியும் உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநில மக்கள் 2018-இல் வாக்களித்து நாய்ப் பந்தயத்துக்குத் தடை விதித்தனர். 2020 இறுதியில் அங்கே அது நின்றது. நியூசிலாந்து அரசும் பந்தயத்தை முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக 2024 டிசம்பரில் அறிவித்தது. காயத்துக்குக் கட்டுப் போடுவதைவிடக் காயமே வராமல் காப்பது மேலல்லவா?

பெற்றோரே, தோழியரே! நம் வீட்டிற்கு கிரேஹவுண்டு வராமல் போகலாம். ஆனால் பிறந்த நாளுக்கு நாய்க்குட்டி வேண்டும் என்று அடம் பிடிக்கும் நாம் அனைவரும் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். குட்டியாய் வருவது ஒருநாள் கிழமாகும், நோயுறும், நொண்டும். அந்நாளில் அதன் அருகே அமர நமக்கு மனமும் நேரமும் உண்டா? உண்டென்றால் வாங்குவோம். இல்லையென்றால், வேண்டாம் என்று சொல்லும் நேர்மையை ஆண்டவர் நமக்கு அருள்வாராக!