காற்றுக்கு ஒரு ஜன்னல்

ஞாயிறு அதிகாலையில் பெங்களூரிலிருந்து நந்தி மலைக்குக் கிளம்பும் பைக்குகளில் ஒரு மாற்றம் தெரிகிறது. ஒரு காலத்தில் புல்லட்டும் ஜாவாவும் வெறும் ஹெட்லைட்டோடு போயின. ஓட்டியவர்கள் காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டார்கள். இப்போது பல வண்டிகளில் ஹெட்லைட்டுக்கு மேல் ஒரு விண்ட்ஷீல்டு நிற்கிறது. நெஞ்சு தப்பித்தது, தலை மாட்டிக்கொண்டது. வேகம் 80 கிலோமீட்டரைத் தாண்டினால் ஹெல்மெட்டுக்குள் பேரிரைச்சல், தலையை யாரோ பிடித்து உலுக்குவது போல் ஓர் ஆட்டம்.

இன்னும் உயரமான விண்ட்ஷீல்டு வாங்கினால் சரியாகிவிடும் என்று பலர் ஜே.சி. ரோடு கடைகளுக்குப் போகிறார்கள். பல சமயம் ஆட்டம் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. விண்ட்ஷீல்டின் முன்புறம் காற்றழுத்தம் கூடுகிறது; பின்புறம் குறைகிறது. மேல் விளிம்பைத் தாண்டி விரையும் காற்று, அழுத்தம் குறைந்த இடத்துக்கு இழுக்கப்பட்டுச் சுழல்களாக உடைகிறது. அந்த உயரத்தில் தலை இருந்தால் அவஸ்தைதான். வேகம் 80லிருந்து 100 ஆகும்போது காற்றின் விசை ஒன்றரை மடங்குக்கும் மேலாகிறது.

இது வெறும் சௌகரியப் பிரச்சினை அல்ல. ஹெல்மெட்டுக்குள் காற்றிரைச்சல் 60 கிலோமீட்டர் வேகத்திலேயே சுமார் 90 டெசிபல். 160இல் சுமார் 110. தொழிற்கூடங்களில் 100 டெசிபல் இரைச்சலை ஒரு நாளில் 15 நிமிடத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது அமெரிக்கத் தொழில்சார் உடல்நல நிறுவனத்தின் பரிந்துரை. பெங்களூரிலிருந்து சென்னைக்கு பைக்கில் வருபவர் எத்தனை பதினைந்து நிமிடங்களைக் கடக்கிறார்! இரைச்சல் காதைக் கெடுப்பதற்கு முன்பே களைப்பைக் கொண்டுவந்துவிடும். களைத்தவருக்கு பிரேக் தாமதமாகத்தான் நினைவுக்கு வரும்.

தலைக்கு வந்த நோய்க்கு மருந்து விண்ட்ஷீல்டின் அடியில் இருக்கிறது. கீழ்ப்பக்கம் கொஞ்சம் காற்றை உள்ளே விட்டால் முன்பின் அழுத்த வித்தியாசம் குறையும்; சுழல் தணியும். நெடும்பயண வண்டிகள் சிலவற்றின் விண்ட்ஷீல்டில் திறந்து மூடும் ஜன்னல் இருப்பது இதனால்தான்.

பெரிய நிறுவனங்கள் இதைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்க்கின்றன. 1976இல் வந்த பி.எம்.டபிள்யூ. ஆர் 100 ஆர்.எஸ். வண்டியின் முன்கவசம் இத்தாலியின் பினின்ஃபரினா காற்றுச் சுரங்கத்தில் உருவம் பெற்றது. இந்திய அறிவியல் கழகம், தேசிய விண்வெளி ஆய்வகம் என்று பெங்களூரிலும் பெரிய காற்றுச் சுரங்கங்கள் உண்டு. அங்கே பயன்படும் ஓர் உத்தி வீட்டுக்கும் பொருந்தும். விரல் நீளக் கம்பளி நூல்களை விண்ட்ஷீல்டின் விளிம்பிலும் ஹெல்மெட்டிலும் ஒட்டி, பக்கத்து வண்டியின் பின்சீட்டில் இருப்பவரைப் படமெடுக்கச் சொல்லலாம். நூல் படிந்து கிடந்தால் காற்று சீராக ஓடுகிறது, துள்ளினால் சுழல். இந்தச் சோதனைக்கு ஆளில்லாத நேரான சாலை வேண்டும். மைசூர் விரைவுச் சாலையின் முக்கியத் தடம் உதவாது; 2023 ஆகஸ்ட் 1 முதல் அங்கே பைக்குகளுக்குத் தடை.

உடனே ரம்பத்தை எடுக்க வேண்டியதில்லை. விண்ட்ஷீல்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை நீளமானவையாக மாற்றி, இடையில் வாஷர்கள் கொடுத்து ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர் முன்னால் தள்ளினாலே அடியில் இடைவெளி கிடைக்கும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான்; இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது பலித்தது என்று தெரியாது.

அதற்கும் அடங்காவிட்டால் கீழ்ப்பகுதியில் ஒரு நீள்துளை போடலாம். கூடுமானவரை பழைய விண்ட்ஷீல்டில் கை பழகுவது நல்லது. அக்ரிலிக் என்றால் எளிதில் விரியும். பாலிகார்பனேட் தாங்கும், ஆனால் சீக்கிரம் கீறல் விழும். இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, அடியில் மரக்கட்டை கொடுத்து, டிரில்லை மெதுவாக ஓட்ட வேண்டும். துளையின் மூலைகள் வளைவாக இருக்கட்டும். கூரான மூலையில்தான் விரிசல் பிறக்கும். விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து ரப்பர் பட்டி பொருத்தலாம். பெட்ரோலும் தின்னரும் பாலிகார்பனேட்டுக்கு எமன்; சோப்புத் தண்ணீர் போதும். போல்ட்டுக்கு ரசாயனப் பசையும் ஆகாது, ரப்பர் வாஷர்தான் சரி.

முடிந்ததும் ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்க்க வேண்டும்; எங்கேயும் இடிக்கக் கூடாது. மேல் விளிம்பு கண் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். மழை இரவில் எதிரே வரும் லாரியின் வெளிச்சம் ஈரப் பிளாஸ்டிக்கில் சிதறும்போது, அதன் வழியே சாலையைத் தேடுவது ஆபத்து.

இவ்வளவு செய்தாலும் இரைச்சல் முழுக்கப் போய்விடாது. மிச்சத்தை மருந்துக் கடையில் கிடைக்கும் பஞ்சு போன்ற காதடைப்பான் பார்த்துக்கொள்ளும். விண்ட்ஷீல்டுக்குச் செலவழிப்பதில் அது மிகச் சிறு பங்குதான். போன செவித்திறனைத் திரும்ப வாங்க எந்த ரோட்டிலும் கடை இல்லை.