தலை புழலில்! பெயர் திருநின்றவூரில்! ஓட்டு எங்கே?

திருநின்றவூரில் ஒரு குடும்பம். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். ஒரு வழக்கில் கணவனைப் பிடித்துப் புழல் ஜெயிலில் அடைத்துவிட்டார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை.

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால், இப்படிப்பட்ட குடும்பங்கள் ஊருக்கு ஊர் உண்டு.

மக்கள் தொகைக் கணக்கு எடுக்க ஆள் வருகிறார். "வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்கிறார். அந்த அம்மாள் என்ன பதில் சொல்லுவார்? நான்கா? மூன்றா?

மூன்று என்றுதான் எழுதுவார்கள்!

ஜெயிலும் ஒரு வீடு

கணக்கு எடுக்கும் நாட்கள் முழுவதும் ஒருவர் எங்கே தங்கி இருக்கிறாரோ, அங்கேதான் அவரை எண்ணுவார்கள். விடுதி, அநாதை இல்லம், ஆசிரமம் போல, ஜெயிலும் ஒரே சமையலில் பலர் சாப்பிடும் இடம். ஆகவே, கணவனின் தலை புழல் கணக்கில் சேர்ந்துவிடும்.

தொகுதிகளுக்கு எல்லை வகுப்பது இந்தக் கணக்கை வைத்துத்தான். வரிப்பணத்தைப் பங்கிடும்போதும் மக்கள் தொகையைப் பார்க்கிறார்கள்.

ஓட்டு இல்லை!

வாக்காளர் பட்டியலுக்கு வேறு சட்டம். ஜெயிலில் இருப்பதாலேயே ஒருவர் அந்த ஊர்க்காரர் ஆகிவிடமாட்டார் என்கிறது 1950-ம் ஆண்டுச் சட்டம். எனவே, பெயர் திருநின்றவூரிலேயே இருக்கும்.

ஆனால், ஜெயிலில் இருப்பவர் ஓட்டுப் போடக்கூடாது என்கிறது 1951-ம் ஆண்டுச் சட்டம். தடுப்புக் காவலில் இருப்பவருக்கு மட்டும் விலக்கு உண்டு. இந்தத் தடை செல்லும் என்று 1997-ல் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்புக் கூறியது.

வேடிக்கையைக் கேளுங்கள்! விசாரணைக் கைதி ஓட்டுப் போட முடியாது, தேர்தலில் நிற்கலாம்! 2024 பாராளுமன்றத் தேர்தலில், பஞ்சாபில் ஒருவரும் காஷ்மீரில் ஒருவரும் ஜெயிலில் இருந்தபடியே வெற்றி பெற்றார்கள்.

2022-ம் ஆண்டு முடிவில் நம் நாட்டு ஜெயில்களில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, நான்கு பேரில் மூன்று பேர் மீது இன்னும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை.

இரண்டே ஓட்டு!

அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் அனமோசா என்று ஒரு சிற்றூர். அங்கே ஒரு வார்டில் சுமார் 1,400 பேர். அவர்களில் 1,300 பேருக்கு மேல் கைதிகள்! 2005-ல் அந்த வார்டில் ஒருவர் இரண்டே ஓட்டு வாங்கிக் கவுன்சிலர் ஆனார். பிறகு அந்த ஊர், தேர்தல் முறையையே மாற்றிக்கொண்டது. நியூயார்க், மேரிலாந்து மாநிலங்கள், தொகுதி வகுக்கும்போது கைதிகளை அவரவர் சொந்த ஊரில் எண்ண வேண்டும் என்று 2010-ல் சட்டம் செய்தன.

புழல் பெரிய நகரத்தின் பகுதி. அங்கே அவ்வளவு கோளாறு வராது. திருநின்றவூருக்கும் ஒரு தலை குறைவதால் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால், நியாயம் என்று ஒன்று இருக்கிறதே! கைதியின் சோற்றுக்கும் மருந்துக்கும் ஜெயில் இலாகா செலவு செய்கிறது. அவர் பெண்டாட்டி பிள்ளைகள் குடிக்கிற தண்ணீரும், நடக்கிற தெருவும் திருநின்றவூரில் அல்லவா இருக்கின்றன? விடுதலையானால் அவர் திரும்பி வருவதும் அங்கேதானே?

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1-ந் தேதி குறிக்கப்பட்டு இருக்கிறது. ஜெயிலில் எண்ணும்போது, "உன் சொந்த ஊர் எது?" என்று கேட்டு, அந்த ஊர்க் கணக்கில் சேர்த்தால் போதும். அந்த வீட்டில் நான்கு பேர் என்பது கணக்கிலும் இருக்கும்.