கேமராவுக்கு முன்னால் ஒரு காகிதம்

கல்யாணம், காதணி விழா, தோட்டத்துக் கோயில் திருவிழா என்று படம் பிடித்துப் பழகிய நம் பிள்ளைகள் பலர், இப்போது நிறுவனங்களுக்கும் வீடியோ படம் எடுத்துக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். மகிழ்ச்சியான செய்தி. ஆனால் கல்யாணப் படம் வேறு, நிறுவனப் படம் வேறு. கல்யாணத்தில் நடப்பதை எடுத்தால் போதும். தாலி கட்டும் நேரத்தைத் தவற விடாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. நிறுவனப் படத்திலோ, என்ன காட்ட வேண்டும் என்பதையே முதலில் பேசி முடிவு கட்ட வேண்டும். அந்த முடிவை எழுதிய காகிதத்தைத்தான் இத்தொழிலில் 'பிரீஃப்' என்கிறார்கள். நாம் பணிக்குறிப்பு என்று சொல்லிக்கொள்வோம்.

ஒரு தோட்ட நிர்வாகம் உங்கள் மகனைக் கூப்பிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "மருந்தடிக்கிற ஆட்களுக்குப் பாதுகாப்புப் படம் ஒன்று வேண்டும் தம்பி. பத்து நிமிடம் போதும். பார்க்க நன்றாக இருக்க வேண்டும்" என்கிறார்கள். தம்பி தலையாட்டிவிட்டு வருகிறான். நிர்வாகியின் உரை, அலுவலகக் கட்டடம், வானத்திலிருந்து எடுத்த செம்பனைக் காடு, பின்னணியில் இனிய இசை எல்லாம் சேர்ந்து படம் அழகாக வந்துவிடுகிறது. ஆனால் மறுநாள் விஷ டின்னைத் திறக்கப்போகிற அம்மாளுக்கு அதில் என்ன கிடைத்தது?

பாராகுவாட் என்ற களைக்கொல்லி நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது. அதனால் மருந்தடிக்கும் வேலை நின்றுவிடவில்லை. வேறு மருந்துகள் இருக்கின்றன. அவற்றிலும் கவனம் வேண்டும். ஆகவே இந்தப் படம் அழகுக்காக எடுக்கும் படமன்று. ஒருவருடைய கண்ணையும் தோலையும் மூச்சையும் காக்க வேண்டிய படம். தெளிவில்லாமல் எடுத்தால் நட்டம் தம்பியின் பையோடு போகாது.

அதனால் கேமராவைத் தூக்குமுன் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும். பதில்களை எழுதிக்கொள்ள வேண்டும்.

முதலாவது, யார் பார்க்கப் போகிறார்கள்? இன்று மருந்தடிக்கும் கூட்டத்தில் நம்மவர்களோடு இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நிற்கிறார்கள். ஆங்கிலத்தில் விளக்கம் சொன்னால் யாருக்குப் பயன்? பல மொழிக்காரர் பார்க்கும் படத்தில் பேச்சைக் குறைத்து, செய்கையைக் கூட்ட வேண்டும்.

இரண்டாவது, பார்த்தவர்கள் என்ன செய்ய வேண்டும்? "விழிப்புணர்வு வேண்டும்" என்பது பதிலாகாது. டின்னைத் திறக்குமுன் கையுறை போட வேண்டும். எதிர்க்காற்றில் அடிக்கக் கூடாது. சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வேலைத் துணியைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. இந்த நான்கும் தெரிந்தால் படம் எதைப் பற்றியது என்பது தெரிந்துவிடும். பத்து நிமிடமும் தேவைப்படாது.

மூன்றாவது, எங்கே காட்டப் போகிறார்கள்? காலைப் பெரட்டிலா, மண்டபத்திலா, கைத்தொலைபேசியிலா? பெரட்டுக் களத்தில் லாரிச் சத்தம் இருக்கும். பேச்சை நம்பி எடுத்த படம் அங்கே ஊமைப் படமாகிவிடும்.

நான்காவது, யார் முடிவு சொல்வார்? பல படங்கள் கெடுவது இங்கேதான். கிராணி சரி என்பார், நிர்வாகி மாற்றச் சொல்வார், தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் மொத்தமும் வேண்டாம் என்பார். "இறுதிச் சொல் இன்னாருடையது" என்று ஒரே ஒரு பெயர் பணிக்குறிப்பில் இருக்கட்டும்.

ஐந்தாவது, பணமும் திருத்தமும். முன்பணம் எவ்வளவு, மீதி எப்போது, எத்தனை தடவை திருத்திக் கொடுப்பது என்பவற்றை எழுதாமல் விட்டால், "இன்னும் ஒரு சின்ன மாற்றம்" என்பதற்கு முடிவே இராது. படத் தயாரிப்பைத் தொழிலாகச் செய்பவர்கள் 1981ஆம் ஆண்டு பினாஸ் சட்டத்தின்படி உரிமம் பெற வேண்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

சரி, வேலை கொடுத்தவர் சொன்னதை மட்டுமே எடுக்க வேண்டுமா? நமக்கு அதைவிட நல்ல யோசனை தோன்றினால் என்ன செய்வது? இதற்கு ஒரு பழைய கதை உண்டு. அதுவும் ஒரு தோட்டப் பயிரைப் பற்றியதே.

இலங்கைத் தேயிலைக்கு விளம்பரம் தேடிய வாரியம், அந்த நாட்டைப் பற்றி நான்கு சிறு படங்கள் எடுக்கச் சொன்னது. பேசில் ரைட் என்ற ஆங்கிலேயர் 1934இல் அங்கே போய்ப் படம் பிடித்தார். முடிவில் வந்தது நான்கு படமல்ல. ஏறக்குறைய நாற்பது நிமிடம் ஓடும் 'சாங் ஆஃப் சிலோன்' என்ற ஒரே படம். 1935இல் பிரஸ்ஸல்ஸ் படவிழாவில் அதற்கு முதல் பரிசு கிடைத்தது. கேட்டது ஒன்று, கொடுத்தது வேறொன்று. ஆயினும் புகழ் வந்தது.

ஆனால் ரைட்டுக்குப் பின்னால் ஜான் கிரியர்சன் என்ற பெயர் பெற்ற தயாரிப்பாளர் நின்றார். நம் தம்பிக்குப் பின்னால் நிற்பது அந்தக் காகிதம் ஒன்றுதான். ஆகவே நல்ல யோசனை இருந்தால் படப்பிடிப்புக்கு முன்பே சொல்லி, ஒப்புதல் வாங்கி, எழுதிச் சேர்த்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

அந்தப் படத்தில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கொழுந்து பறிப்பவர்கள் படத்தில் வருகிறார்கள். வாணிபத்தின் குரல்கள் கேட்கின்றன. ஆனால் தோட்டத் தொழிலாளி தன் வாழ்வைப் பற்றித் தானே பேசும் குரல் அதில் இல்லை. பணிக்குறிப்பு எழுதும்போது பணம் கொடுப்பவரும் படம் எடுப்பவரும் மேசையில் உட்காருகிறார்கள். படத்தில் தோன்றப் போகிறவருக்கு அங்கே நாற்காலி போடுவதில்லை.

நம் பிள்ளைகள் அந்த நாற்காலியைப் போடலாம். மருந்தடிக்கும் இரண்டு பேரிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று கேட்கலாம். படத்தில் வருபவர்களிடம் மண்டோர் உத்தரவாகச் சொல்லாமல், நேரில் சம்மதம் கேட்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, படப்பிடிப்பு நாளில் மட்டும் புதுக் கையுறையும் முகமூடியும் வருகின்றனவா, அன்றாடமும் கிடைக்கின்றனவா என்று பணிவாக விசாரிக்கலாம். 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தொழிலாளியின் பாதுகாப்பை முதலாளியின் கடமையாக்கியிருக்கிறது. அச்சட்டப்படி கொடுக்கும் பொருளுக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கவும் கூடாது. கையுறையே இல்லாத தோட்டத்தில் கையுறை போடச் சொல்லும் படம், பார்ப்பவர்களுக்குக் கேலியாகத்தான் படும். அதை முன்பே எடுத்துச் சொல்வது நிர்வாகத்துக்கும் நல்லதே.

பெற்றோர்களே, உங்கள் மகனோ மகளோ "பெரிய ஆர்டர் கிடைத்திருக்கிறது" என்று சொல்லி வந்தால், "எவ்வளவு தருவார்கள்?" என்று கேட்குமுன் "எழுதி வாங்கினாயா?" என்று கேளுங்கள். கூடவே, "அந்தப் படத்தைப் பார்க்கப் போகிறவர்களிடம் பேசினாயா?" என்றும் கேட்டுவிடுங்கள். வாய்ச்சொல் காற்றோடு போகும். எழுத்து வழக்குக்கும் வரும், வழிக்கும் வரும்.