கொலைகாரன் வெளியூர்க்காரன் அல்லன்

கையில் கத்தியுடன் ஒரு கொலைகாரன், ஒரு வீடு, தப்பிக்க வழியற்ற சிலர். இம்மூன்றை மட்டும் முதலாகக் கொண்டு குறைந்த செலவில் எடுக்கப்படும் 'ஸ்லாஷர்' படங்களுக்கு உலகெங்கும் மீண்டும் காலம் திரும்பியிருக்கிறது. 2022-இல் வெளியான 'டெரிஃபையர் 2' ஏறத்தாழ இரண்டரை லட்சம் டாலரில் தயாராகி, ஒன்றரைக் கோடி டாலர் வசூலித்தது. அதே ஆண்டில் வந்த 'எக்ஸ்' திரைப்படம் தன் கதையை 1979-இல் நிகழ்த்தி, அக்காலப் படங்களின் தோற்றத்தையே திரையில் மீட்டெடுத்தது. தமிழிலும் 'ராட்சசன்' (2018) பெற்ற வெற்றிக்குப் பிறகு தொடர்கொலைக் கதைகள் திரையரங்குகளிலும் இணையத் தளங்களிலும் வந்தவண்ணம் உள்ளன.

இவற்றை இழிசுவை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால், நான் அப்படி நினைக்கவில்லை. பணமின்மையையே கலையாக மாற்றிய வகைமை இது. 1978-இல் ஜான் கார்ப்பெண்டர் இயக்கிய 'ஹாலோவீன்' சுமார் மூன்றேகால் லட்சம் டாலரில் உருவானது. கொலைகாரனின் முகமூடி, கடையில் இரண்டு டாலருக்கும் குறைவாக வாங்கி வெள்ளையடித்த ஒன்று. காட்ட வசதியில்லாததை இருளில் மறைத்தார்கள், மறைத்தது அச்சமாயிற்று. முன்பின் அறியாதவர்களோடு இருட்டில் அமர்ந்து ஒரே நொடியில் திடுக்கிட்டு, அடுத்த நொடியில் வெட்கத்துடன் சிரித்துக்கொள்ளும் அனுபவத்தைப் பெருஞ்செலவுப் படங்கள் எளிதில் தருவதில்லை.

தமிழ் சினிமா இதில் யாருக்கும் பிந்தியதல்ல. ஒரே வீட்டுக்குள் அடுத்தடுத்துக் கொலைகள் நிகழும் 'அதே கண்கள்' 1967-இலேயே வந்துவிட்டது. 'ஹாலோவீன்' அமெரிக்காவில் வெளியான அதே 1978 அக்டோபரில் இங்கே பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' வெளியானது. 1980-இல் பாலு மகேந்திராவின் 'மூடுபனி', 1984-இல் மணிவண்ணனின் 'நூறாவது நாள்' எனத் தொடர்ந்த அந்த வரிசையில், மூன்று படங்களுக்கும் இளையராஜாவே இசை. ஒரு கதவின் கிறீச்சொலியும் அதைத் தொடரும் மௌனமும் எவ்வளவு வேலை செய்யும் என்பதை நம் ரசிகர்கள் அங்கேதான் கற்றார்கள்.

இன்று அவற்றைத் திரும்பப் பார்க்கும்போது வேறொன்று கண்ணில் படுகிறது. 'சிகப்பு ரோஜாக்கள்' நாயகி அஞ்சவேண்டிய ஆள் தெருமுனையில் பதுங்கியிருக்கவில்லை; தாலி கட்டிய கணவனாக, வசதியும் கண்ணியமும் மிக்க தொழிலதிபராக வீட்டிலேயே இருக்கிறான். 'நூறாவது நாள்' படத்திலும் நாயகியின் கனவுகளில் தெரியும் கொலையின் தடம், வெளியே சுற்றிவிட்டு, இறுதியில் கணவனிடமே வந்து நிற்கிறது. பெண்ணுக்கு ஆபத்து எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு, மலிவான பொழுதுபோக்கு என்று கருதப்பட்ட இப்படங்கள் நேர்மையான பதிலை வைத்திருந்தன.

அதற்காக அவற்றின் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. கொலைகாரனின் வெறிக்கு, அவன் இளமையில் கண்ட 'ஒழுக்கம் தவறிய' பெண்களைக் காரணம் காட்டிய கதைகள் அவை. கொல்லப்படும் பெண் ஏதோ ஒரு வகையில் அதற்குரியவள் என்ற தொனி அடியில் ஓடிக்கொண்டேயிருந்தது. சாகும் பெண்ணின் உடலைக் கேமரா ரசித்த விதமும் வெட்கப்பட வேண்டியதே.

இன்றைய மீட்டெடுப்பு இந்தப் பழைய குறையைக் களைந்துவிட்டதா என்றால், இல்லை; கூடவே பழைய நேர்மையையும் இழந்துவிட்டது. கொலைகாரன் வீட்டைவிட்டு வெளியேறி, விசித்திர முகம் கொண்ட அந்நியனாகிவிட்டான். 'ராட்சசன்' நேர்த்தியான படம்தான். ஆனால் நோயால் உருமாறிய முகமும், அதனால் பட்ட அவமானமும் அதில் அரக்கத்தனத்தின் விளக்கமாகிவிடுகின்றன. 'சைக்கோ' என்ற சொல் மனநலம் குன்றியவர்களைக் குறிக்கும் தெருவழக்காக ஆகிவிட்டதில் இத்தகைய படங்களுக்கும் பங்குண்டு.

திருவண்ணாமலையில் இருந்துகொண்டு இதை எழுதும்போது ஒரு நிகழ்வை நினைக்காமலிருக்க முடியவில்லை. 2018 மே மாதம், இம்மாவட்டத்தில் போளூர் அருகேயுள்ள அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு உறவினர்களுடன் காரில் வந்த மூதாட்டி ஒருவர் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். குழந்தை கடத்துபவர் என்று சந்தேகித்த கூட்டம் அவரை அடித்தே கொன்றது. உடன் வந்தவர்களும் கடுமையாகத் தாக்கப்பட்டார்கள். இதற்குக் காரணம் சினிமா அல்ல. வாட்ஸ்அப் வழியே பரவிய வதந்தி. ஆனால் அந்த வதந்தி வேர்பிடிக்க ஒரு மண் தேவைப்பட்டது. முகம் தெரியாதவரே ஆபத்தானவர் என்ற நம்பிக்கைதான் அந்த மண். ஊர் பேர் தெரியாத சாதுக்களும், குடும்பத்தால் கைவிடப்பட்டவர்களும், மனம் பிறழ்ந்தவர்களும் கிரிவலப் பாதையோரம் நாள்தோறும் உறங்கும் ஊர் இது. அந்த நம்பிக்கைக்கு முதலில் இரையாகக்கூடியவர்கள் அவர்கள்தாம்.

உண்மை நிலவரமோ வேறு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளை ஆண்டுதோறும் புரட்டினால், பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றஞ்சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவராகவே இருக்கிறார்: உறவினர், அண்டை வீட்டுக்காரர், நண்பர், உடன் பணிபுரிபவர்.

எனவே, இப்படங்களுக்குத் தடை கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. அச்சத்தை ஒரு சமூகம் பாதுகாப்பாகப் பழகிப் பார்க்கும் இடங்களுள் திரையரங்கும் ஒன்று. கையில் சில லட்சங்களோடு முதல் படம் எடுக்க வரும் இளைஞருக்கு இவ்வகைமை திறந்துவிடும் வாசலும் பெரிது. அவரிடம் ஒன்றுதான் கேட்கத் தோன்றுகிறது. எண்பதுகளின் நிறத்தையும் இசையையும் எடுத்துக்கொள்ளும்போது, அன்றைய இயக்குநர்களின் துணிவையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெண்ணைக் குற்றவாளியாக்கிய பார்வையை அங்கேயே விட்டுவிடுங்கள். முகமூடியைக் கழற்றும் காட்சியில் அதன் பின்னால் ஒரு நோயாளியின் முகத்தை வைப்பது எளிது. நாம் தினமும் வணக்கம் சொல்லிக் கடக்கும் ஒரு முகத்தை வைப்பதற்குச் செலவு ஒன்றும் கூடுதலாகாது.