முதுமாணிப் பட்டம் மாங்குளத்தில் இறங்குமா?

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பித்தல் என்கிற துறையில் முதுமாணி செய்யலாமா என்று வன்னியில் படிப்பிக்கிற ஒரு இளம் ஆசிரியர் கேட்டால், எங்கட பதில் "ஓம், கட்டாயம் செய்யுங்கோ" என்பதுதான். ஆனால் அந்தப் பட்டம் இப்ப இருக்கிற விதத்தில் யாருக்குப் பயன்படுகுது என்பதில் எங்களுக்குப் பெரிய சண்டை இருக்கிறது. அந்தச் சண்டை பட்டம் எடுக்கப் போகிறவரோடு இல்லை. பட்டத்தைக் கொழும்பிலும் கண்டிப் பக்கத்திலும் வைத்துக்கொண்டு, "வன்னிப் பிள்ளையளுக்கு இங்கிலிஸ் வராது" என்று வருசாவருசம் கவலைப்படுகிற அமைப்போடுதான்.

முதலில் நிலைமையைப் பார்ப்பம். எங்கட பாடசாலைகளில் மூன்றாம் தரத்திலிருந்து ஆங்கிலம் ஒரு பாடம். சாதாரண தரப் பரீட்சையில் அது கட்டாயம். ஆனால் அதில் சித்தியடையாவிட்டாலும் உயர்தரத்துக்குப் போகலாம். அதனால் ஆங்கிலத்தில் பெயில் என்றால் வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் பெரிசாக அலட்டிக்கொள்வதில்லை. பிரச்சினை பிறகுதான் வெளியில் வரும். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. விரிவுரைகள் ஆங்கிலத்தில். துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ கணிதமும் பௌதிகவியலும் தமிழில் படித்து, நல்ல இசற் புள்ளி எடுத்து உள்ளே போகிற பிள்ளை முதல் கிழமையில் தடுமாறுவது கணக்கில் இல்லை, மொழியில். பீடம் எங்கட மண்ணில்தான் நிற்கிறது. அதற்குள் நடக்கிற கதைதான் எங்கட பிள்ளைக்கு எட்டவில்லை.

இது பிள்ளையின் குறையா? 2009ஆம் ஆண்டை அரசாங்கம் ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டு என்று பிரகடனம் செய்தது. ஆங்கிலம் ஒரு வாழ்க்கைத் திறன், அதை எங்கட பாணியிலேயே கதைப்பம் என்பது அந்தத் திட்டத்தின் கோசம். கேட்க நல்லாத்தான் இருக்கு. அதே 2009இல் வன்னிப் பிள்ளைகள் பங்கருக்குள் இருந்தார்கள். மே மாதத்துக்குப் பிறகு மூன்று லட்சத்துக்குக் கிட்டின சனம் மெனிக் பாம் முதலான முகாம்களில் முட்கம்பிக்குள் இருந்தது. அப்ப பத்து வயதாக இருந்தவர்கள் பலர் இப்ப அம்மா, அப்பா. பிள்ளையின் இங்கிலிஸ் கொப்பியைப் பார்த்துச் சொல்லிக்குடுக்க அவர்களுக்கு ஏலாமல் இருந்தால் அதைச் சோம்பல் என்று சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது. நாடு முழுக்க ஒரே பாடநூல், ஒரே பரீட்சை. ஆனால் பிள்ளைகள் தொடங்கின இடம் ஒன்றில்லை.

அப்ப இந்த வகுப்பறையில் எப்படிப் படிப்பிக்கிறது? இந்தக் கேள்வியோடு உட்காரத்தான் முதுமாணிப் படிப்பு. இரண்டாம் மொழி ஒரு மனிசருக்கு எப்படி வருகுது, பாடத்திட்டத்தை எப்படி வரைவது, எதை எப்படிச் சோதிப்பது, தன்ர வகுப்பறையைத் தானே எப்படி ஆராய்வது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. திறந்த பல்கலைக்கழகத்திலும் பேராதனையிலும் இந்தப் படிப்பு உண்டு. திறந்த பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் நாவலையில். வவுனியாவிலிருந்து கொழும்பு சுமார் 250 கிலோமீற்றர். முல்லைத்தீவுக்காரர் அதற்கு முதல் மாங்குளச் சந்திக்கு வரவே ஐம்பது கிலோமீற்றர் இருக்கிறது. கட்டணம், பஸ் காசு, தங்குமிடம், சின்னப் பிள்ளையை ஆரிட்ட விட்டிட்டுப் போறது என்ற கேள்வி. இதெல்லாம் ஒரு ஆசிரியைக்கு என்ன விலை என்று கூட்டிப் பாருங்கோ.

"இப்பதான் ஸூம் இருக்கே, வீட்டில இருந்தே படிக்கலாமே" என்று சொல்லுவினம். விரிவுரை ஸூமில் வரட்டும், நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்களுக்குத் தூரத்தை விடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. ஆய்வுக் கேள்வி எங்க இருந்து வருகுது? வன்னி ஆசிரியர் ஒருவர் எங்கேயோ வேற ஊர்ப் பிள்ளைக்கு எழுதின கோட்பாட்டை எடுத்து, அதற்குப் பொருந்துகிற மாதிரி ஒரு வினாக்கொத்து நிரப்பி, ஆய்வேட்டைக் கட்டிக் குடுத்துவிட்டு வந்தால், அவருக்குப் பதவி உயர்வு கிடைக்கும். அவரின் எட்டாம் தர வகுப்பில் ஒன்றும் மாறாது.

கோட்பாடு என்றால் லண்டனிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோதான் வர வேண்டும் என்கிற நினைப்பே பிழை. சுரேஷ் கனகராஜாவைப் பாருங்கோ. 1990களின் தொடக்கம் வரைக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிப்பித்தவர். யுத்தம், பொருளாதாரத் தடை, கடுதாசிக்கே தட்டுப்பாடு. அமெரிக்கப் பாடநூலை வைத்துப் படித்த தன் மாணவர்கள் அதன் ஓரங்களில் என்ன எழுதினார்கள், என்ன கீறினார்கள் என்பதையே அவர் ஆய்வுக்கு எடுத்தார். வேற ஆள் என்றால் கிறுக்கல் என்று ஏசியிருப்பார். அவர் அதில் மாணவர்களின் எதிர்ப்பை வாசித்தார். 1999இல் ஒக்ஸ்போர்ட் வெளியிட்ட அவரின் நூல் இண்டைக்கு உலகம் முழுக்க இந்தத் துறையில் வாசிக்கப்படுகிறது.

இந்தியாவில் என். எஸ். பிரபு 1979 தொடக்கம் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சாதாரணப் பள்ளிக்கூடங்களில் ஒரு பரிசோதனை செய்தார். இலக்கணத்தை முன்னுக்கு வைக்காமல், ரயில் நேர அட்டவணை, வரைபடம் மாதிரி விசயங்களைக் குடுத்துப் பிள்ளைகளை யோசிக்க வைத்துப் படிப்பித்தார். பணிவழிக் கற்பித்தலின் வரலாற்றை எழுதுகிற எவரும் அந்தப் பெங்களூர்த் திட்டத்தைத் தாண்டிப் போக முடியாது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த பா. குமாரவடிவேலு 1994இல் இன்னொரு படி போனார். எல்லா ஊருக்கும் பொருந்துகிற ஒரே முறையைத் தேடுவதை விடுங்கோ, அந்தந்த இடத்து ஆசிரியரே தன் வகுப்பிலிருந்து கோட்பாட்டை உருவாக்கட்டும் என்பது அவரின் வாதம்.

ஆக, தட்டுப்பாடும் யுத்தமும் நெருக்கடியும் உள்ள வகுப்பறைகளில் இருந்துதான் இந்தத் துறையின் முக்கியமான சில யோசனைகள் பிறந்திருக்கின்றன. வன்னியிடம் கேள்விகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆங்கிலத்தையும் இரண்டாம் தேசிய மொழியாகச் சிங்களத்தையும் ஒரே நேரத்தில் படிக்கிற பிள்ளைக்கு எது எதற்கு உதவுகுது, எது இடைஞ்சல்? இரண்டு தரங்களை ஒரே கொட்டிலில் வைத்துப் படிப்பிக்க வேண்டி வந்தால் பாடத்தை எப்படிப் பிரிப்பது? "வகுப்பில தமிழ் கதைக்கப்படாது" என்கிற சட்டம் பிள்ளையின் வாயைத் திறக்குதா, மூடுதா? எங்கட சந்தேகம் மூடுது என்பதுதான். ஆனால் சந்தேகம் போதாது, ஆய்வு வேண்டும். அந்த ஆய்வை நாவலையில் இருந்துகொண்டு செய்ய ஏலாது.

"தமிழ் இருக்கேக்க இங்கிலிஸ் ஏன்?" என்று கேட்கிற தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. வசதியானவர்கள் சர்வதேசப் பாடசாலைக்குக் காசு கட்டித் தங்கட பிள்ளையளுக்கு ஆங்கிலம் வாங்கிக்கொண்டுதான் இருக்கினம். எங்களுக்கு வேண்டாம் என்று நாங்கள் சொன்னால் நட்டப்படப்போவது முத்தையன்கட்டுப் பிள்ளை.

எங்கட கோரிக்கைகள் இவைதான். வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமானபோது அதனிடம் இருந்தவை பிரயோக விஞ்ஞானம், வணிகக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள் என்ற மூன்று பீடங்கள். மொழிக்கும் கல்விக்கும் பீடம் இருக்கவில்லை. அந்தப் பல்கலைக்கழகம் ஏனைய பல்கலைக்கழகங்களோடு சேர்ந்தாவது ஆங்கிலம் கற்பித்தலில் ஒரு முதுமாணிப் படிப்பை வவுனியாவிலேயே நடத்த வேண்டும், கிழமைக் கடைசியில், உள்ளூர்ப் பள்ளிக்கூடங்களையே களமாக வைத்து. மாகாணக் கல்வித் திணைக்களம் படிக்கப் போகிற ஆசிரியருக்குச் சம்பளத்தோடு விடுமுறையும் கட்டணத்தில் ஒரு பங்கும் குடுக்கட்டும். பதிலுக்கு அவர் சில வருசம் வன்னியில் படிப்பிக்கட்டும். வன்னியைப் பற்றி எழுதுகிற ஒவ்வொரு ஆய்வேட்டின் சுருக்கமும் தமிழில் அந்தந்தக் கல்வி வலயத்துக்குத் திரும்பி வரட்டும். ஆய்வுக்கு வகுப்பறையைத் திறந்துவிட்ட பள்ளிக்கூடத்துக்கு அதன் முடிவை அறிய உரிமை இருக்கிறது.

இந்தத் துறைக்குள் போக யோசிக்கிற தம்பிமார், தங்கச்சிமாருக்கு: போங்கோ. பட்டத்தோடு கனடாவுக்கோ கொழும்புக்கோ போனாலும் நாங்கள் உங்களைத் துரோகி என்று சொல்லப்போறதில்லை, அவரவர் வீட்டுக் கஷ்டம் அவரவருக்குத்தான் தெரியும். ஆனால் ஆய்வுக்குக் கேள்வி தேடேக்க முதலில் உங்கட எட்டாம் தரப் பெடியளின் கொப்பிகளைத் திறந்து பாருங்கோ. மற்றதெல்லாம், பட்டம் இரவு பஸ்ஸைப் பிடிச்சு மாங்குளத்தில் வந்து இறங்க வேண்டியதெல்லாம், பல்கலைக்கழகங்களின் வேலை. அதை அவர்கள் செய்யும் வரைக்கும் நாங்கள் கேட்டுக்கொண்டே இருப்பம்.