மலையில் செல்லுமா டவுன் கேள்வித்தாள்?
சித்தேரி நோயாளிக்கு 'மார்க்' போடுவது யார்?

"ஒரு கிலோ மீட்டர் நடக்க எவ்வளவு கஷ்டம்?"

உலக சுகாதார நிறுவனம் 2010-ல் வெளியிட்ட கேள்வித்தாளில் உள்ள கேள்வி இது. மொத்தம் 36 கேள்விகள். பக்கவாதம், கால் இழப்பு, முதுகுத்தண்டு காயம் என்று படுத்து எழுந்தவர், அன்றாட வாழ்க்கைக்கு எவ்வளவு தூரம் திரும்பி இருக்கிறார் என்று இதை வைத்து அளக்கிறார்கள்.

அரூர் பஸ் நிலையத்தில் நிற்பவருக்கு ஒரு கிலோ மீட்டர் என்றால் தார் ரோடு. தர்மபுரி மாவட்டம் சித்தேரி மலையில் இருப்பவருக்கோ ஏற்றம், இறக்கம், கல், ஓடை! கேள்வி ஒன்று, தூரம் ஒன்று, கஷ்டம் ஒன்றா?

"எல்லாம் செய்றேங்க!"

கேட்பவரைப் பொறுத்தும் பதில் மாறும். மகன் பக்கத்தில் நின்றால், "எல்லாம் நானே செய்றேங்க" என்பார் பெரியவர். உதவித்தொகைக்கு எழுத வந்திருக்கிறார்கள் என்று நினைத்தால், "ஒண்ணுமே முடியலீங்க" என்பார். இரண்டும் பொய் அல்ல. ஆனால் மார்க் இரண்டாகிவிடும்.

"வேலைக்குப் போறீங்களா?" என்று மொட்டையாகக் கேட்டால் "இல்லீங்க" என்று பதில் வரும். கை விளங்காததால் போகவில்லையா? சாமை அறுப்பு முடிந்து ஊரில் யாருக்குமே வேலை இல்லையா? தாளுக்கு அது தெரியாது!

பக்கத்து வீட்டுக்காரர் கணக்கு

இதற்கு ஒரு வழி கண்டார்கள். இந்தியா, நேபாளம், பிரேசில் நாடுகளில் தொழுநோயாளிகளிடமும் மற்ற ஊனமுற்றோரிடமும் கேட்டுத் தயாரித்த 18 கேள்வித்தாள் 2006-ல் வெளியானது. "உங்களைப் போன்ற மற்றவர்கள் போகும் அளவு நீங்களும் போகிறீர்களா?" என்பது அதன் பாணி. 90-க்கு 12 மார்க்குக்குள் வந்தால் பெரிய தடை இல்லை என்று அர்த்தம்.

நல்ல தாள்தான். அதிலும், ஒரே ஆள் திரும்பக் கேட்டபோது பதில்களின் ஒற்றுமை 0.83, கேட்பவர் மாறியபோது 0.80. முழு ஒற்றுமைக்கு 1 வேண்டும். தேர்ந்த ஆட்கள் கேட்டே இந்த நிலை! அவசரத்தில் வாசலில் நின்று கேட்டால்?

இன்னொரு ஓட்டையும் உண்டு. ஊருக்கே ரோடு இல்லை என்றால் எல்லோரும் சமம். யாரும் சந்தைக்குப் போக முடியாது. தாளோ "இவருக்குத் தடை இல்லை" என்று சொல்லிவிடும்!

விளையாட்டு அல்ல!

இந்த மார்க்கை நம்பித்தான் "இவர் தேறிவிட்டார்" என்று பயிற்சியை நிறுத்தினால், பாதிக் குணத்தோடு ஒரு மனிதர் திண்ணையில் முடங்குவார்.

பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டு 5-ந்தேதி தொடங்கியது 'மக்களைத் தேடி மருத்துவம்'. கை, கால் பயிற்சியும் வீடு தேடி வரும் திட்டம் அது. கேள்வியும் அப்படியே வீடு தேடி வரட்டும். மலைப் பேச்சு தெரிந்தவர் கேட்கட்டும். நோயாளியைத் தனியாகக் கேட்கட்டும். பத்து, பதினைந்து நாள் கழித்து மறுபடியும் கேட்கட்டும். ரோடு இல்லை, பஸ் இல்லை என்பதைத் தனிக் கட்டத்தில் எழுதட்டும்.

தராசைச் சரி பார்க்காமல் எடை போட்டால் கடைக்காரருக்கு அபராதம். மனிதனை எடை போடும் தராசை யார் சரி பார்ப்பது?